ஜலஜாவின் ஜெபக்குறிப்பு

"அய்யய்யோ... நம்ம ஜலஜாவை யாரோ கொன்னுட்டாங்களாம்!"

வத்சலாவின் கையிலிருந்து போன் நழுவியது. டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸே அதிர்கிற அலறல்!

அவள் புருஷன் தேவசகாயம் பைபிளை மூடினான். முகத்தில் திடுக்கிடல்... அத்தனையும் நடிப்பு!

காலையில் லோதி ரோடு ஃப்ளாட்டில் ஜலஜாவின் கழுத்தை நெரித்ததே இவன் கைகள்தானே!

ஒரு வருஷக் கள்ள உறவு. 'இனிமே வேணாம். எல்லாத்தையும் சபையில சொல்லிடுவேன்' என்றாள். ஞாயிறுதோறும் ஜெபக்கூட்டம் நடத்துகிறவன் மானம் என்னாவது? முடித்துவிட்டான், படுபாவி!

ஞாயிறு மாலை ஐந்து. ஹாலில் பாய் விரித்துப் பதினைந்து பேர். ஓரத்தில் எஸ்.ஐ. தர்மன், நாகர்கோவில்காரர்.

"ஜலஜா உங்க சபைப் பொண்ணாமே. விசாரிக்கணும். முடிங்க, காத்திருக்கேன்."

"அச்சா... அச்சா..." தேவசகாயம் அவசரமாய்த் தலையாட்டினான்.

ஜெபக்குறிப்புப் பெட்டியைத் திறந்தான். பேர் போடாத சீட்டுகள். இவன் உரக்கப் படிப்பான், எல்லோரும் ஜெபிப்பார்கள். வாராவாரம் இதுதான் வழக்கம்.

முதல் சீட்டு, மூட்டுவலி. இரண்டாவது, டிரான்ஸ்ஃபர்.

மூன்றாவது... ரோஸ் நிறத் தாள்!

'கல்யாணமான ஒருவரோடு பாவத்தில் இருக்கிறேன். ஞாயிறு காலை அவரிடம் முடிவாகச் சொல்லப்போகிறேன். பயமாயிருக்கிறது. ஜெபியுங்கள்.'

ஜலஜா!

தர்மன் பார்க்கிறார்... எதையாவது படி!

"மகனுக்கு... ரயில்வேயில வேலை கிடைக்க ஜெபிக்கவும்."

தாளைக் கசக்கிச் சட்டைப்பைக்குள் திணித்தான்.

"ஆமென்!"

வத்சலா மட்டும் சொல்லவில்லை. எழுந்தாள்.

"என்னங்க... அந்த ரோஸ் தாள்ல அப்படியா இருக்கு?"

"ஆ... ஆமா."

"அதை எழுதினதே நான்தாங்க!"

பதற்றத்தில் பெண்டாட்டியின் கையெழுத்தைக்கூட அவன் கவனிக்கவில்லை!

"ஜலஜா டெல்லியில பொறந்த புள்ள. தமிழ் பேசுவா, எழுத வராது. வெள்ளிக்கிழமை அழுதுக்கிட்டே சொன்னா, நான் எழுதிக் கொடுத்தேன். ஆள் யாருன்னு எவ்வளவோ கேட்டேன், சொல்லலை. நீங்க படிச்சதும் எஸ்.ஐ.கிட்ட சொல்லலாம்னு காத்திருந்தேன்... எதுக்குங்க மாத்திப் படிச்சீங்க?"

அவன் கை சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது.

"எங்கிட்ட மறைச்சீங்க, சபைகிட்ட மறைச்சீங்க. கர்த்தர்கிட்டயுமா மறைப்பீங்க?" வத்சலா தலையில் அடித்துக்கொண்டு கதறினாள்.

தர்மன் வந்து தேவசகாயத்தின் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். பிரித்துப் படித்தார். விலங்கை மாட்டினார்.

"இதுல ஆளோட பேரே இல்லையே, பிரதர்! உள்ளதை உள்ளபடி படிச்சிருந்தா நானும் ஒரு ஆமென் சொல்லிட்டுப் போயிருப்பேன்!"