மூலைக்குப் போன ராணி

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்தவள் அறை வாசலிலேயே நின்றாள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி அண்ணன் அதை அணைத்ததை அவள் காதால் கேட்டிருந்தாள். உள்ளே சுற்றும் விசிறி ஓய்ந்து, வீடே பெருமூச்சு விட்டதுபோல் அடங்கியிருந்தது. இப்போது அதே விசிறி, மேட்டில் ஏறும் லாரி மாதிரி இரைந்தது; மேசைக்கடியிலிருந்து சூடேறிய தகரத்தின் வாடையும் கருகிய தூசியின் வாடையும் கிளம்பி, சன்னல் சாத்திய அந்தச் சின்ன அறையை மூச்சு முட்ட நிறைத்திருந்தன. தரையில் அண்ணன் குப்புறக் கிடந்து, வாய் பிளந்து தூங்கினான்.

திரையில் இருந்தது அவர்கள் ஒரு மாதமாகக் குடைந்த சதுரங்கத் தொடக்கம்தான். ஆனால் சண்டை மூள வேண்டிய இடத்தில், வெள்ளை ராணி கோபித்துக்கொண்டு போன மருமகள் மாதிரி, ஒரு வேலையும் இல்லாத மூலையில் போய் நின்றது. அதன் பிறகு கறுப்பு எங்கே போனாலும் வெள்ளைக்கே ஜெயம் என்றது கம்ப்யூட்டர். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதுவரை யாரும் ஆடாத நகர்வு. பாவம், திரும்ப எழுந்து விடிய விடியக் கண் விழித்திருக்கிறான் என்று நினைத்தாள். அங்கேயே உட்கார்ந்து அத்தனையையும் மனப்பாடம் செய்தாள்.

ஆட்டம் இருக்கிற நாளில் தொடக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அது அண்ணன் போட்ட சட்டம். ஒரு தடவை பேருந்தில் பேசியதை எதிராளியின் ஆள் ஒட்டுக்கேட்டதில் வந்த வினை. அதனால் அவன் எழுந்து, திரையைப் பார்த்து, கண்ணைக் கசக்கி மறுபடி பார்த்துவிட்டு, அவளிடம் கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினான். அவளும் காட்டினாள்.

இன்று ஜெயித்தால் பட்டம். இல்லையென்றால் இதுதான் கடைசிப் போட்டி. தன் ஆட்டத்தை விட்டுவிட்டு, கிடங்கில் மூட்டை ஏற்றி அவளை இவ்வளவு தூரம் கொண்டுவந்தவன் அவன். அந்த முதுகு இனித் தாங்காது.

போட்டிக் கூடத்தில் எதிரே வந்து உட்கார்ந்தவருக்கு ஆமை என்று பட்டப்பெயர். ஒரு சிப்பாயைத் தள்ள அரை மணி நேரம் தாடையைத் தடவுகிற மனிதர்.

"என்னம்மா, ராத்திரி சாப்பாட்டுக்காவது என்னை வீட்டுக்கு விடுவியா?"

"நீங்க சீக்கிரம் போட்டா விடறேன் சார்."

சிரித்தார்கள். கடிகாரம் ஓடத் தொடங்கியது. சுற்றிலும் இருந்த மேசைகளில் காய்கள் கட்டைமேல் உட்காரும் மெத்தென்ற ஓசையும், அடக்கிய இருமலும், தரை துடைத்த மருந்தின் நெடியும். அந்த இடம் வந்ததும் ராணியைத் தூக்கி மூலையில் வைத்தாள். ஆமை ஆடிப்போவார் என்று ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அவர் ஆடிப்போகவில்லை. அவள் விரல் கடிகாரத்தைவிட்டு எழுவதற்குள் அவர் குதிரை பாய்ந்திருந்தது. திரையில் பார்த்த அதே பதில். அவள் போட்டாள். அவர் போட்டார். தாடையைத் தடவவே இல்லை. பலகையைக்கூடப் பார்க்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய கையோ சட்டைக்குள் நுழைந்துவிட்டதைப்போல.

"நான் போடலம்மா," என்று முணுமுணுத்தார். நெற்றி வேர்வை மூக்கில் வழிந்தது. "அதுவா போகுது."

அவள் மனப்பாடம் செய்தது எப்போதோ தீர்ந்திருந்தது. அவள் கை நிற்கவில்லை. யானை. மந்திரி. சிப்பாய். யோசிப்பதற்குள் போட்டு முடித்திருந்தது. கையை மடியில் வைக்கப் பார்த்தாள். முடியவில்லை.

கறுப்பு ராஜா மாட்டிக்கொண்டது. ஜெயித்துவிட்டாள். பட்டம் அவளுடையது.

கை காய்களை அடுக்கியது. எதிரே அவர் கையும் அடுக்கியது. முதல் சிப்பாய் மறுபடி நகர்ந்தது.

நடுவர் வந்தார். "அதான் முடிஞ்சிருச்சே சார். வீட்ல தேட மாட்டாங்களா? எழுந்திரிங்க." விளையாட்டாக ஆமையின் மணிக்கட்டைப் பிடித்தார்.

ஆமையின் கை தொப்பென்று விழுந்தது. அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தார். பையை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. ஆமை ஓடி அவள் பார்த்ததே இல்லை.

காலி நாற்காலியில் நடுவர் உட்கார்ந்தார். முகத்தில் பாதிச் சிரிப்பு அப்படியே இருந்தது. கறுப்புக் குதிரையை எடுத்து வைத்தார்.

"ஜெயிச்சுட்டடி பாப்பா!" பார்வையாளர் பக்கத்துக் கயிற்றைத் தாண்டி அண்ணன் ஓடி வந்தான். கண்ணெல்லாம் தண்ணீர். "அந்த ராணி மூவ் எப்படிடி தோணுச்சு ஒனக்கு? காலைல பார்த்து அசந்துட்டேன்!"

அவன் போடவில்லை. அவளும் போடவில்லை.

கைகளை நீட்டிக்கொண்டு வந்தான்.

தொடாதே அண்ணா. சொல் தொண்டை வரை வந்தது. கை அடுத்த காயை எடுத்தது. தோள்வரை வலி. நகக்கண் நீலம் பூத்திருந்தது. நடுவர் போட்டார். அவள் கை போட்டது. இன்னும் எத்தனை ஆட்டம்? வாயைத் திறந்தாள்.

மூடிக்கொண்டாள்.

அண்ணன் இரண்டு கையாலும் அவள் கையைப் பற்றினான்.

அவ்வளவுதான். கை அவளுடையதாயிற்று. எழுந்துவிட்டாள். அவள் நாற்காலியில் அண்ணன். மூட்டை தூக்கிக் காய்த்த விரல்கள் காயைத் தேடின. எடுத்தன. வைத்தன. சிரித்த வாய் மூடவில்லை. கண் மட்டும் அவளிடம் வந்தது.

"பாப்பா," என்றான் மெதுவாக. "இதக் கொஞ்சம் பிடிச்சுக்கோயேன்."

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.