தானாய் விழித்த கணினி

விடியற்காலை இருட்டில் அந்த அறைக்குள் விசிறி சுழலும் சத்தம் கேட்டது. யாரும் தொடவில்லை. கணினிப் பெட்டிக்குள் நீல விளக்கு எரிந்தது, திரை மெல்ல வெளிச்சம் கண்டது. இளமதி காபி டம்ளரோடு வாசலிலேயே நின்றுவிட்டாள். தினமும் நடப்பதுதான்... ஆனாலும் தினமும் உடம்பு சிலிர்த்தது!

"வந்துட்டியாப்பா..." மாமியார் சொர்ணாம்பாள் டம்ளரை வாங்கித் திரைக்கு முன்னால் வைத்தாள். "ஆறிப்போறதுக்குள்ள குடிச்சிடு, சாமி."

இளமதியின் கணவன் வளவனுக்கு செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் சூளை வேலை. நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும், பெங்களூரில் இருந்த தம்பி இனியவனோடு கணினியில் ஓர் ஆட்டம் ஆடாமல் படுக்க மாட்டான். தான் வரும் நேரத்துக்கு அது தானாகவே எழுந்திருக்கும்படி நேரம் குறித்து வைத்திருந்தான். போன வருஷம் ஒருநாள், வேலை முடிந்து வந்துகொண்டிருந்தவனை பைபாஸில் ஒரு லாரி அடித்துப் போட்டது. அவன் வந்து சேராத அந்தக் காலையிலும் கணினி எழுந்து அவனுக்காகக் காத்திருந்தது. அன்றிலிருந்து சொர்ணாம்பாளுக்கு அது பெட்டி இல்லை, பிள்ளை.

இப்போது இனியவன் பெங்களூர் வேலை போய் வீட்டோடு வந்துவிட்டான். ஒரு கேம் கம்பெனி வீட்டிலிருந்தே செய்ய வேலை கொடுத்திருந்தது. அதற்கு அண்ணனின் கணினியும், அதில் மாட்ட, படங்களை வேகமாகக் காட்டும் ஒரு புது கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். இட்லித் தட்டோடு உட்கார்ந்தவன் போனை அண்ணியிடம் நீட்டினான்.

"மூணு ஃபேன் வெச்ச கார்டு சூப்பரா இருக்குது அண்ணி. இதையே வாங்கிடவா?"

"அது ரொம்ப நீளம் தம்பி. அந்தப் பெட்டிக்குள்ள நுழையாது. பழைய பவர் சப்ளையும் தாங்காது. ரெண்டு ஃபேன் வெச்சதையே பாருங்க, ஆடறதுக்கும் போதும், உங்க வேலைக்கும் போதும்."

சொன்ன பிறகுதான் இளமதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொர்ணாம்பாள் சட்னிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பெட்டிக்குள்ள எவ்ளோ எடம் இருக்குதுன்னு உனக்கெப்படிடி தெரியும்? அவன் போனதுக்கப்புறம் நீ அதத் தொட்டியா?"

"இல்லீங்க அத்தை... அவரு முன்னாடி சொல்லியிருக்காரு..."

"பெட்டியப் பிரிச்சு எம்புள்ளயத் தொரத்திடலாம்னு பாக்கறியா? தாலிய எறக்கின கையோட அவனையும் எறக்கி வெச்சிடலாம்னு நெனப்பா?"

இனியவன் பதறிப்போனான். "வேணாம்மா! நான் அந்த வேலையே வேணாம்னு சொல்லிடறேன்."

இந்த வேலையும் போனால் இந்தப் பையன் என்ன செய்வான்? இளமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க வாங்கியாங்க தம்பி. பிரிக்கச் சொன்னது நான்தான்னு இருக்கட்டும்."

"அப்படியா? கேட்டுக்கோடி! நாளைக்குக் காலையில எம்புள்ள எழுந்திருக்கலைன்னா நீ இந்த வூட்ல இருக்கக் கூடாது. கம்மாபுரம் பஸ்ஸு ஏறிடு."

"சரிங்க அத்தை..."

சரி என்று சொல்லிவிட்டாள். பிறந்த ஊரான கம்மாபுரத்தில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போன பிறகு அப்பாவே அண்ணன் வீட்டில் ஒண்டிக் கிடக்கிறார்.

அவள் மறைத்தது ஒன்று உண்டு. வளவன் போன பிறகு, மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு பகல் முழுக்கக் கரண்டு நின்றது. கரண்டு போய் வந்தால் கணினி நேரத்தை மறந்துவிடும் என்று அவன் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. மறுநாள் அது எழுந்திருக்காவிட்டால் அத்தை உயிரையே விட்டுவிடுவாளே! அவன் காட்டிக்கொடுத்தபடி கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸ் திரைக்குள் போய் நேரத்தைக் குறித்து வைத்தாள். ஒவ்வொரு மின்தடைக்கும் இது தொடர்ந்தது. அதில் அவளுக்கு வெட்கமில்லை. பயம்தான் இருந்தது. ஏனென்றால் சில தடவை அவள் போய்ப் பார்த்தபோது நேரம் ஏற்கெனவே குறித்திருந்தது. அவளுக்குத் தெரிந்து வீட்டில் வேறு யாருக்கும் அந்த வித்தை தெரியாது; இனியவன் பெங்களூரில் இருந்தபோதும் இது நடந்தது. அப்போதெல்லாம் பின்னால் யாரோ நிற்பது போலிருக்கும். திரும்பிப் பார்க்கத் தைரியம் வராது.

மதியம் இனியவன் கார்டு வாங்கி வந்து மாட்டினான். பெட்டி உறுமியது, திரை கறுப்பாகவே கிடந்தது. சொர்ணாம்பாள் அறை மூலையில் உட்கார்ந்தவள் நகரவே இல்லை. பெட்டியைப் பிரித்ததில் நேரம் மறந்திருந்தாலும் யாருக்கும் தெரியாமல் போட்டுவிடலாம் என்று இளமதிக்கு இருந்த ஒரே தைரியமும் போயிற்று.

"பழைய செட்டிங்கை மொத்தமா அழிக்கணும் அண்ணி. இந்தச் சின்ன பேட்டரிய எடுத்துப் போட்டா எல்லாம் மறந்துடும். எடுக்கவா?"

"எடுங்க."

"ஐயோ, எம்புள்ளயக் கொல்றாங்களே!" என்று சொர்ணாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். இனியவன் காசு போலிருந்த பேட்டரியை எடுத்து மீட்டரில் வைத்துப் பார்த்தான். முகம் மாறியது.

"அம்மா... இதுல உசுரே இல்ல. அண்ணன் இருந்தப்பவே செத்திருக்கும் போலிருக்குது. கரண்டு போச்சுன்னா நேரம் நிக்காது. போன வாரம் பகலெல்லாம் கரண்டு இல்லியே! அப்புறம் எப்படி மறுநாள் எழுந்திரிச்சுது?"

இளமதி மாமியாரின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"மன்னிச்சிடுங்க அத்தை... நான்தான் போடுவேன். உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்துக்கிட்டு... ஆனா போன வாரம் நான் போடல! சத்தியமா! போய்ப் பார்த்தப்பவே போட்டிருந்துச்சு. அவருதான் வந்திருக்காரு..."

சொர்ணாம்பாள் மருமகளின் தோளைப் பிடித்தாள்.

"போன வாரம் போட்டது நான்டி..."

"அத்தை!"

"நீ இந்த வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அவன் சூளையில இருக்கறப்ப கரண்டு போயி வந்துச்சுன்னா நான்தான் போட்டு வெப்பேன், அவனே சொல்லிக் குடுத்தான். எழுத்து தெரியாது. எதை எத்தினி தடவ தட்டணும்னு வெரலுக்குத் தெரியும். அவன் போனப்புறம் நீ பொணமாட்டம் கெடந்தியே... காலையில காபி எடுத்தாரப்ப மட்டும்தான்டி உம் மொகத்துல உசுரு இருந்துச்சு. அதுவும் நின்னுட்டா நீ ஏதாவது பண்ணிக்குவியோன்னு... ஆனா சில நாளு நான் போனப்பவே போட்டிருக்கும். எம்புள்ளதான் வந்து போறான்னு நெனச்சேன்..."

"அது நானுங்க அத்தை..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியானால் இந்த ஒரு வருஷமாக யாருமே வரவில்லை! அந்த நிமிஷத்தில்தான் இரண்டு பேரும் வளவனை முழுசாகப் பறிகொடுத்தார்கள். சத்தம் போட்டு அழக்கூட முடியவில்லை.

இனியவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே புது பேட்டரியைப் போட்டான். திரையில் வெளிச்சம் வந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"இனிமே கரண்டு போனாலும் மறக்காது. விடியக்கால நேரம் போடவாம்மா?"

"வேணாம்டா."

இளமதி எழுந்தாள். கொடியில் கிடந்த புடவைகளை எடுத்து ஒன்றொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.

"எங்கடி கெளம்பற?"

"கம்மாபுரத்துக்குங்க... அவரு எழுந்திருக்கலைன்னா போகணும்னு சொன்னீங்களே."

சொர்ணாம்பாள் ஓடிவந்து அந்தப் புடவைகளைப் பிடுங்கினாள். "எழுந்திருக்க மாட்டான்டி! எம்புள்ள செத்துட்டான்... செத்துட்டான்டி!" ஒரு வருஷமாக அவள் வாயில் வராத வார்த்தை அது. "பாவி, உன்னப் போயி என்னென்ன பேசிட்டேன்... அவன் வராட்டிப் போறான். நீ இருடி. எனக்கு நீ இரு!"

மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். இளமதியும் அழுதாள். மடித்த புடவைகள் தரையில் கலைந்து கிடந்தன.

மறுநாள் விடியற்காலை அந்த அறையில் எதுவும் அசையவில்லை. விசிறிச் சத்தத்தைவிட அந்த நிசப்தம்தான் பயமாக இருந்தது. பழக்கத்தில் எழுந்து உட்கார்ந்த இளமதி இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் படுத்திருந்த சொர்ணாம்பாளும் தூங்கவில்லை.

"படுடி... விடியட்டும், நான் காபி போடறேன்" என்று தன் போர்வையை இழுத்து மருமகள் மேல் போர்த்தினாள்.