பதினாலாம் மாடியின் மெல்லிய சுவர்

நாற்பத்தொன்பது நாள் தங்கை வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்துவிட்டு, ஒரு பனிக்கால மதியத்தில் மால்சுன் தன் வீட்டுக்குத் திரும்பினாள். கையில் ஒரு துணிப்பை, தங்கை கட்டிக் கொடுத்த கீரைப் பொட்டலம். கீழே காவல் அறையிலிருந்த காவலாளி பேக், கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"வாங்கம்மா. தங்கச்சி வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கலையா? பாதியா வந்திருக்கீங்க."

"அவ உப்பே போட மாட்டா. நாக்கு செத்துப்போச்சு." மால்சுன் லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். "பக்கத்து வீட்டுல வேலை ஆரம்பிச்சுட்டாங்களா?"

"எங்க? பூட்டி சீல் வெச்சது வெச்சபடி இருக்கு. ஈ காக்கா உள்ள போகல."

1404-ஆம் கதவில் மஞ்சள் நாடா குறுக்கே ஓடியது. கதவின் மேல்விளிம்பில் கரி இன்னும் அழியவில்லை. அதைப் பார்க்காமல் கடந்து, 1403-ஐத் திறந்து உள்ளே போனாள். சுத்தம் செய்ய வந்தவர்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். சுவரெல்லாம் புது வண்ணம். ஆனால் வண்ணத்துக்கு அடியிலிருந்து அந்த வாடை வந்தது. உருகிய பிளாஸ்டிக்கும் ஈரச் சாம்பலும் கலந்த வாடை.

பால்கனியில் எட்டிப் பார்த்தாள். கிம்ச்சி ஊறுகாய்க்கென்றே வாங்கிய பெரிய ஃபிரிட்ஜ் அதே மூலையில், பக்கத்து வீட்டுத் தடுப்பை ஒட்டி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அதை மட்டும் யாரும் நகர்த்தக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

இந்தக் கட்டடத்தில் இரண்டு வீட்டுப் பால்கனிகளுக்கு நடுவில் இருப்பது சுவரே இல்லை. வண்ணம் பூசிய வெறும் சுண்ணப் பலகை. வாசல் பக்கம் தீப்பிடித்தால் குழந்தைகூட உதைத்து உடைத்து அடுத்த வீட்டுக்குள் போய்விடலாம். அதற்காகவே வைத்த வழி. அங்கே சாமான் வைக்காதீர்கள் என்று மாதாமாதம் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? இருப்பதோ கையகலப் பால்கனி. ஒரு வீட்டில் சலவை இயந்திரம், ஒரு வீட்டில் அலமாரி, மால்சுன் வீட்டில் கிம்ச்சி ஃபிரிட்ஜ். முன்பனியில் ஐம்பது முட்டைக்கோஸ் ஊறப்போட்டு அடைத்தது. இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்தாலும் அசைக்க முடியாது.

பக்கத்து வீடு தீப்பிடித்த நேரத்தில் பொது வெந்நீர்க் குளியல் கூடத்தில் இருந்தேன் என்று போலீஸிடம் சொல்லியிருந்தாள் மால்சுன்.

பச்சைப் பொய். வீட்டில்தான் இருந்தாள்.

பார்லித் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு இருபது. அன்றும் இதே நேரம்தான்.

டம்.

பால்கனியிலிருந்து வந்தது. தகரத்தில் எதுவோ மோதும் சத்தம்.

டம். டம்.

ஃபிரிட்ஜின் மோட்டார்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அருகில் போய்க் கையை வைத்தாள். ஃபிரிட்ஜ் மூச்சுக்கூட விடாமல் நின்றது. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள்.

டம்.

இந்த முறை சத்தம் கீழேயிருந்து வந்தது. முழங்கால் உயரத்தில். ஒரு சின்னக் காலின் உயரத்தில்.

உள்ளே கிம்ச்சி டப்பாக்கள் ஒன்றோடொன்று இடித்து நடுங்கின.

மால்சுன் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அப்போதுதான் வாசல் மணி அடித்தது.

வோன்தே நின்றிருந்தான். 1404-க்காரன். மனைவி ஹ்யேரிமையும் ஆறு வயது மகள் சோதாமையும் ஒரே நாளில் தீயில் பறிகொடுத்தவன். கறுப்புக் கோட்டு, கையில் அரிசிப் பலகாரப் பெட்டி. கன்னம் ஒட்டி, சட்டைக் கழுத்து தொளதொளவென்று தொங்கியது.

"இன்னிக்கு அவங்க ஆத்மா கரையேறுற நாப்பத்தொம்பதாம் நாள் பூஜை முடிஞ்சுது அத்தை. அக்கம்பக்கத்துக்குக் குடுக்கணும்ல."

"உள்ள வாப்பா. பார்லித் தண்ணி கொதிச்சிட்டிருக்கு."

வோன்தே தரையில் உட்கார்ந்து, அவள் ஊற்றிய கோப்பையைக் கையில் எடுத்தான்.

"ஃபிரிட்ஜ் அங்க இருந்தது எனக்குத் தெரியும் அத்தை. ஹ்யேரிம் எங்க பக்க அலமாரிய இழுத்துத் தள்ளிட்டுப் பலகைய உதைச்சிருக்கா. ஓட்டை விழுந்திருக்கு. பின்னால உங்க ஃபிரிட்ஜ்." நிமிர்ந்து பார்த்தான். "உங்களக் குத்தம் சொல்ல வரல. வாசல்ல ஸ்கூட்டர் பேட்டரிய சார்ஜ் போட்டுட்டு வேலைக்குப் போனவன் நான்தான். எரிஞ்சது அதுதான்."

மால்சுன் பலகாரப் பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"தீயணைப்புக்கு அவ ஃபோன்ல பேசினத நேத்து எனக்குக் கேக்கக் குடுத்தாங்க. கடைசியா ஒண்ணு சொல்றா. 'பக்கத்து வீட்டு அத்தை பதிலுக்குத் தட்டுறாங்க, அவங்க வர்றாங்க, நாங்க இங்கயே இருக்கோம்'னு." அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "சோதாம் சிரிக்கிற சத்தம்கூடக் கேக்குது. நீங்க வீட்ல இல்லன்னீங்களே. அப்ப யாரு தட்டினாங்க?"

சொல்லாமல் இருந்துவிடலாம். பூஜை முடிந்துவிட்டது, சாட்சி யாருமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை சிரித்தது என்று கேட்டபிறகு மால்சுனால் பொய்யைத் தொடர முடியவில்லை.

"நான்தாம்ப்பா தட்டினேன்."

அவன் அசையவில்லை.

"உன் பொண்ணு பந்து அடிக்குதுன்னு நெனச்சேன். தெனமும் அந்தப் பலகைலதான அடிக்கும். கரண்டிய எடுத்துட்டுப் போய், சத்தம் போடாதீங்கன்னு சைடு சுவத்துல மூணு தட்டு தட்டினேன். அந்தப் பக்கத்துலேர்ந்தும் மூணு தட்டு வந்துது. வெளையாடுறாங்கன்னு கோவம் வந்து திரும்பவும் தட்டினேன்." அவள் அழுதுகொண்டே பேசினாள். "பொகை வந்தப்பறம்தான் புரிஞ்சுது. தள்ளிப் பாத்தேன்ப்பா. நகரவே இல்ல. டப்பாவ ஒவ்வொண்ணா எடுத்துட்டுத் தள்ளலாம்னு தோணுச்சு. ரெண்டு டப்பா எடுத்தேன். மூச்சு முட்டுச்சு. விட்டுட்டு ஓடிட்டேன்."

"ரெண்டு டப்பா," என்றான் வோன்தே.

"ரெண்டே ரெண்டு."

அவன் கத்துவான், அடிப்பான் என்று காத்திருந்தாள். அடித்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் தலையைக் குனிந்து தரையைத் தடவிக்கொண்டிருந்தான்.

டம்.

இருவரும் பால்கனியைப் பார்த்தார்கள்.

டம். டம்.

"கேக்குதா அத்தை?" வோன்தே கிசுகிசுத்தான்.

"நீ வர்றதுக்கு முன்னாலயே கேட்டுது."

அவன் எழுந்து ஓடினான். ஃபிரிட்ஜைத் திறந்து டப்பாக்களை வெளியே எடுத்து வைக்க ஆரம்பித்தான். அவளும் போய்க் கை கொடுத்தாள். புளித்த வாசனை பால்கனி முழுக்கப் பரவியது. ஒரு டப்பா கவிழ்ந்து சிவந்த சாறு அவர்கள் காலடியில் ஓடியது. துடைக்க யாரும் நிற்கவில்லை. பதினெட்டு டப்பா. காலி ஃபிரிட்ஜை இருவரும் சேர்ந்து ஒரே தள்ளாகத் தள்ளினார்கள். அவ்வளவு சுலபமாக அது நகர்ந்தது.

ஃபிரிட்ஜின் முதுகுத் தகரம் நெளிந்திருந்தது. தொடை உயரத்தில் பெரிய குதிகால் பள்ளங்கள். அதற்கும் கீழே, நெருக்கமாக, சின்னச் சின்னப் பள்ளங்கள்.

தடுப்பில் ஒரு ஓட்டை. ஒரு குழந்தை தவழ்ந்து வரும் அளவு. அதற்கு அப்பால் கரியும் இருட்டும். யாரும் இல்லை.

"சோதாம்." வோன்தே ஓட்டைக்குள் முகத்தை வைத்துக் கூப்பிட்டான். "கண்ணு, அப்பா வந்துட்டேன்டா."

உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. மால்சுனின் பாவாடை ஓரத்தை லேசாக ஒதுக்கிக்கொண்டு அது வீட்டுக்குள் போயிற்று. அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை.

சமையலறைச் சுவரிலிருந்த, வீட்டுக்கு வீடு பேசும் உள்பேசி மணி அடித்தது. கீழ்வீட்டு நர்ஸ். இரவுப் பணி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள்.

"அக்கா, வந்துட்டீங்களா? கோச்சுக்காதீங்க. வீட்ல சின்னப் பிள்ளை யாராவது வந்திருக்காங்களா? இப்பதான் தூங்கினேன், தலைக்கு மேல ஒரே ஓட்டமா இருக்கு."

மால்சுன் திரும்பிப் பார்த்தாள். எதிரே கூடம் வெறுமையாக இருந்தது. தரையில் பலகாரப் பெட்டி, இரண்டு கோப்பை. இங்கே ஒரு காலடிச் சத்தமும் கேட்கவில்லை.

"எங்க ஓடுது?"

"பால்கனிலேர்ந்து வாசல் வரைக்கும் ஓடுது. வாசல்ல நிக்குது. அப்புறம் திரும்பி பால்கனிக்கே ஓடுது. யாரையோ கூட்டிட்டுப் போக வர்ற மாதிரி. இதோ, திரும்பவும் வருது."

மால்சுன் அதை அப்படியே சொல்ல, வோன்தே கேட்டான். ஓட்டையை ஒருமுறை பார்த்தான். குழந்தை வரும் அளவுதான் இருந்தது. பெரிய ஆள் நுழைய முடியாது.

அடுத்த நொடி அவன் வெறுங்கையால் பலகையைப் பிய்க்கத் தொடங்கினான். கையில் கிழித்தது, ரத்தம் வந்தது, அவன் நிறுத்தவில்லை. மால்சுன் உள்பேசியைத் தொங்கவிட்டுவிட்டு ஓடிப்போய் வாசல் கதவை அகலத் திறந்து, தன் செருப்பை முட்டுக் கொடுத்தாள். பிறகு அவனருகில் வந்து, காலைத் தூக்கி, அறுபத்தோரு வயதில் இருந்த பலம் எல்லாம் சேர்த்து உதைத்தாள். பலகை பாதியாகப் பிளந்து விழுந்தது.

தொங்கிக்கொண்டிருந்த கருவிக்குள் நர்ஸின் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மால்சுன் மூச்சிரைக்க எடுத்துக் காதில் வைத்தாள்.

"அக்கா, யாரோ பெரியவங்களும் வந்திருக்காங்க போல. இப்ப ரெண்டு பேர் நடக்கறாங்க."

"வெளிய போயிட்டாங்களா?"

நர்ஸ் மேலே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா. வாசல் வரைக்கும் போனாங்க. அப்புறம் யாரையோ விட்டுட்டுப் போக மனசில்லாத மாதிரி திரும்பி வந்துட்டாங்க. இப்ப சமையக்கட்டுல, உங்க பக்கத்துலதான் நிக்கறாங்க."