இருபத்து மூன்று நோட்டுகள்

மழை விட்ட மதியங்களில் மூவார் ஆற்றுக்கும் வானத்துக்கும் நடுவே கோடு இருக்காது. ஆற்றங்கரையில் உணவுக்கடை நடத்தும் நாசருக்கு அந்நேரம் கல்லாவில் உட்கார்ந்தாலே கண் சொக்கும்; மீன்பிடிப் படகுகள் ஆகாயத்தில் மிதந்து போவதாகத் தெரியும். அப்படி அவன் பாதித் தூக்கத்தில் இருந்த ஒரு சனிக்கிழமைதான் ராசம்மா குடையை மடக்காமலே கடைக்குள் வந்தார்.

“தேனு எங்க தம்பி?”

சன்னலோர மேசையைக் காட்டினான் நாசர். தேன்மொழி அங்கே தேநீரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார். பதினாறு வருடம் சிங்கப்பூரில் ஒரு சூதாட்ட விடுதியின் கேமரா அறையில் இருந்தவர். மேலேயிருந்து ஆட்களின் கைகளைப் பார்ப்பதுதான் வேலை. வேலையை விட்டு ஊர் திரும்பிய பிறகு, எதைத் தொலைத்தவர்களும் அவரைத் தேடி வந்தார்கள். அவர் கிளம்பினால் கடையை மனைவி ஆப்ரின் தலையில் கட்டிவிட்டு நாசரும் கிளம்பிவிடுவான். தன்னைப் பாதி துப்பறிவாளன் என்று அவன் நம்பினான். மீதிப் பாதியைப் பற்றி ஆப்ரினைக் கேட்டால் தெரியும்.

“பதினஞ்சு பேர் சேர்ந்து கூட்டு கட்டுறோம், தேனு. ஆளுக்கு மாசம் ஆயிரம் வெள்ளி, மாசம் ஒருத்தருக்கு. இந்த மாசம் மொத்தமும் யோகேஸ்வரிக்கு” என்றார் ராசம்மா. மூச்சு வாங்கியது. “அவ வீட்டுக்காரருக்கு திங்கக்கிழமை நெஞ்சுல ஆபரேஷன். முன்பணம் கட்டினாத்தான் சேர்த்துக்குவாங்க. நாலு மணிக்கு வாங்க வர்றா. காசு இல்ல.”

“எங்க வெச்சீங்க?”

“வியாழன் சாயங்காலம் முழுசா சேர்ந்துச்சு. நேத்து வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை காசை வீட்டை விட்டு வெளிய குடுப்போமா? மஞ்ச நூல் கட்டி சாமி மேடையில வெச்சேன். இன்னைக்குக் காலையில எடுத்தா கட்டு இளைச்சுப் போயிருக்கு. நூறு வெள்ளி நோட்டு, இருபத்து மூணுதான் இருக்கு.”

“நூல் இருந்துச்சா?”

“இருந்துச்சு. நான் எப்பவும் ரெண்டு முடிச்சு போடுவேன். இதுல மூணு. போலீசுக்கும் போக முடியாது லா. கூட்டு கட்டுறதே சட்டப்படி தப்பு, என்னைத்தான் முதல்ல உள்ள வெப்பாங்க.”

வீட்டில் யார் யார் என்று நாசர் முந்திக்கொண்டு கேட்டான். ராசம்மா, அவர் மகன் கவின், முன்னறையில் வாடகைக்கு இருக்கும் குளிர்சாதனம் பழுதுபார்க்கும் விஜயன், மூன்றே பேர்.

“விஜயன்தான். இன்னைக்குக் கையில புதுப் போனோட நிக்கிறான். நாலு மணிக்குள்ள ஒத்துக்கலைன்னா பெட்டியோட வெளிய போகச் சொல்லிட்டேன்.”

“கவின் எப்படி?” என்றார் தேன்மொழி.

அந்தக் கலக்கத்திலும் ராசம்மாவின் முகம் மலர்ந்தது. “தங்கம். நாற்காலி செய்யிற ஃபேக்டரியில ரெண்டு மாசமா தினச் சம்பளம் ஆக்கிட்டாங்களாம். தினம் சாயங்காலம் நூறு வெள்ளி என் கையில வெச்சிடுவான். ஒரு வெள்ளி கூடாது, குறையாது. இந்த மூணு நாளாத்தான் சம்பளம் தள்ளிப் போகுதாம். இப்பல்லாம் வீட்டுக்குள்ள மரத்தூள்கூடக் கொண்டு வர்றதில்ல. வாசல் கூட்டுற வேலையே எனக்கு மிச்சம்.”

தேன்மொழி கரண்டியை நிறுத்தினார். “இருபத்து மூணு நோட்டை ஏன் விட்டுட்டுப் போனான்?”

“பாவம் பார்த்திருப்பான் அக்கா” என்றான் நாசர்.

“பாவம் பார்க்கிறவன் பத்தாயிரம் எடுப்பான். பன்னண்டாயிரம் எடுப்பான். பன்னண்டாயிரத்து எழுநூறு என்ன கணக்கு, நாசர்?”

அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை மட்டும் ஆட்டினான்.

ராசம்மாவின் வீடு பத்து நிமிட நடை. ஈரத் தெருவிலிருந்து ஆவி எழுந்து முழங்கால் வரை நின்றது. மூவரும் கால் இல்லாமல் நடப்பதாக நாசருக்குத் தோன்றியது. எங்கோ ஒரு பட்டறையில் ரம்பம் ஓடும் சத்தம், ரொம்ப தூரத்தில், தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலக் கேட்டது. இந்த வழி முடியாமலே போனால் நன்றாக இருக்கும் என்று அவன் நினைத்த சமயத்தில் வீடு வந்துவிட்டது.

வாசலில் தேன்மொழி குனிந்தார். கவினின் வேலைச் சப்பாத்து அங்கே கிடந்தது. அதன் தையல்களில் ஒரு துளி மரத்தூள் இல்லை. அடியில் மட்டும் ஆற்றோரத்துச் சாம்பல் நிறச் சேறு, பல நாள் சேறு, அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தது. நாசரும் பார்த்தான். சப்பாத்தைக் கழுவ வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தோன்றியது.

உள்ளே விஜயன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். நாசர் நேராக அவன்மேல் பாய்ந்தான். “புதுப் போனுக்குக் காசு எங்கிருந்து வந்துச்சு?”

“தவணைங்க அண்ணே, மாசம் எண்பது வெள்ளி.” ரசீதை நீட்டினான். “நேத்து முழுக்க பத்து பாகாட் டவுன்ல வேலை. விடியறதுக்கு முன்னாடி போயி ராத்திரிதான் வந்தேன். முதலாளியைக் கேளுங்க.” அவன் குரல் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. நாசருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கவின் அறையிலிருந்து வந்து தூணில் சாய்ந்து நின்றான். இருபத்தேழு வயது. இரண்டு மூன்று நாளாகத் தூங்காத கண்கள்.

“நாசர், போன்ல ஒரு கூட்டல் போடுங்க” என்றார் தேன்மொழி. “நூறு. அப்புறம் இருநூறு, நானூறு, எண்ணூறு. ஆயிரத்து அறுநூறு. மூவாயிரத்து இருநூறு. ஆறாயிரத்து நானூறு.”

நாசர் தட்டினான். திரையைப் பார்த்ததும் அவன் தூக்கமெல்லாம் ஒரே நொடியில் பறந்தது. “பன்னண்டாயிரத்து எழுநூறு! அலமாக்!”

“ஒவ்வொண்ணும் முன்னதுக்கு இரட்டிப்பு. சூதாட்டத்துல இதைப் பார்த்ததுமே கண்டுபிடிப்போம். முதல்ல நூறு வெப்பான். தோத்தா இருநூறு, அதுவும் தோத்தா நானூறு. எப்ப ஒரு தடவை ஜெயிச்சாலும் போனதெல்லாம் திரும்பி வந்து மேல நூறு நிக்கும். உடனே மறுபடி நூறுல ஆரம்பிப்பான். இந்தக் கட்டை எடுத்தவன் ஏழு தடவை தொடர்ச்சியா தோத்திருக்கான். எட்டாவதுக்குப் பன்னண்டாயிரத்து எண்ணூறு வேணும். கையில இருந்தது ரெண்டாயிரத்து முந்நூறு. அதான் மிச்சம்.”

“அதை எதுக்குத் திரும்ப வெக்கணும்?” என்றார் ராசம்மா.

“வெளி ஆளு வெக்க மாட்டான் அக்கா. இது திருட வந்த கை இல்ல. வெள்ளிக்கிழமை இந்தக் காசை யாரும் தொட மாட்டாங்கன்னு தெரிஞ்சு, ஒரு நாளைக்கு மட்டும்னு எடுத்த கை. ஜெயிச்சா லாபம் நூறே நூறு. இந்த வீட்டுக்குத் தினம் சரியா நூறு யார் கொண்டு வர்றா? ஃபேக்டரிக்குப் போறவன் சப்பாத்துல தூள் இல்ல, ஆத்துச் சேறு இருக்கு.”

ராசம்மா மகன் பக்கம் திரும்பினார். 

“ரெண்டு மாசம் முன்னாடியே ஆளைக் குறைச்சிட்டாங்கம்மா” என்றான் கவின், தரையைப் பார்த்துக்கொண்டு. “எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தினம் கிளம்பிப் போய் ஆத்தங்கரையில உக்காந்து போன்ல ஆடினேன். ஃபேக்டரியில கணக்கு முடிச்சுக் குடுத்து அனுப்பின காசை வெச்சுத்தான். சக்கரம் சுத்தும், சிவப்பா கறுப்பான்னு காசு வெக்கணும். தினம் நூறு வந்ததும் நிறுத்திடுவேன். புதன்கிழமை ஒரே மூச்சுல எல்லாம் போயிடுச்சு. நேத்து சாமி மேடைக் காசை பேங்க் மெஷின்ல போட்டுப் போட்டு ஆடினேன்…” நிமிர்ந்தான். “இன்னும் ஒரு தடவை வெச்சிருந்தா வந்திருக்கும் ஆன்ட்டி. ஏழு தடவை கறுப்பு. எட்டாவது சிவப்புதான் வரணும்.”

“போன தடவை என்ன விழுந்துச்சுன்னு சக்கரத்துக்கு எப்படிடா தெரியும்?” தேன்மொழியின் குரல் உயரவே இல்லை. “அதுக்கு ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான். ஏழு தடவை தொடர்ச்சியா தோக்கிறது நூத்து முப்பது ஆட்டத்துக்கு ஒரு தடவை எப்படியும் வந்துரும். தினம் ஆடுறவனுக்கு அது நாலு மாசத்துல வரும், இல்ல நாளைக்கே வரும். ஆட்டம் நடத்துறவன் எத்தனை தடவையும் தாங்குவான், ஒரு அளவுக்கு மேல வெக்கவும் விட மாட்டான். சரி, எட்டாவது ஜெயிச்சிருந்தா உனக்கு லாபம் எவ்வளவு?”

கவின் உதட்டுக்குள் கூட்டிப் பார்த்தான். “நூறு.”

“இருபத்தஞ்சாயிரத்து ஐநூறை வெச்சு நூறு.”

அந்த எண்ணைக் கேட்டுப் பையனின் முகத்தில் ஏதோ கலைந்தது. நாசர் அதைப் பார்த்தான். கனவிலிருந்து தட்டி எழுப்பப்பட்டவன், தான் எந்த வீட்டில் படுத்திருக்கிறோம் என்று தெரியாமல் விழிப்பான் இல்லையா, அப்படி விழித்தான் அவன். நாசருக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது.

ராசம்மா அழவில்லை. முதலில் விஜயனிடம் போனார். “மன்னிச்சிடுப்பா. என் புள்ளை எடுத்திருப்பான்னு நினைக்காம உன்னைச் சந்தேகப்பட்டேன்.” பிறகு கழுத்துச் சங்கிலியையும் இரண்டு ஜோடி வளையலையும் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தார். “அடகுக்கடை அஞ்சு வரைக்கும் இருக்கும்ல?”

“நான் காரை எடுக்கிறேன்மா” என்றான் விஜயன்.

“அம்மா, அது வேணாம். என் மோட்டார் சைக்கிளை வித்து…”

“வித்து அப்புறம் எனக்குக் குடு. வேலை தேடிக் குடு. வேலை இல்லைன்னு என்கிட்ட சொல்லியிருந்தா கஞ்சி குடிச்சிருப்போம்டா. நீ வேர்வை சிந்தின காசுன்னு நினைச்சு ரெண்டு மாசமா அந்த நூறை முதல்ல சாமிகிட்ட வெச்சுக் கும்பிட்டேன்.” அங்கேதான் அவர் குரல் உடைந்தது.

வெளியே கதவு கிரீச்சிட்டது. நாலு மணி ஆகக் கால் மணி இருந்தது. யோகேஸ்வரிக்குக் காத்திருக்கப் பொறுக்கவில்லை போலும்.

நாசர் தேன்மொழியைப் பார்த்தான். சமாளித்துப் பேசித் திருப்பி அனுப்பிவிடலாம், ஒரு மணி நேரத்தில் காசு வந்துவிடும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது. ராசம்மா மகனைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கைக்குட்டை முடிச்சை இறுக்கினார்.

“நீயே போய்ச் சொல்லு.”

கவின் வெறுங்காலோடு முற்றத்துக்குப் போனான். தெருவின் ஆவி அங்கேயும் வந்து நின்றிருந்தது. அதற்குள்ளிருந்து யோகேஸ்வரி சிரித்துக்கொண்டு வந்தார்.

“கவினு! நல்லாயிருக்கியாப்பா? உங்கம்மா புண்ணியத்துல எங்க வீட்டுக்காரர் பொழைச்சுக்குவாரு.”

கவின் அவர் முகத்தைப் பார்த்தான்.

“அக்கா, உங்க காசை எடுத்தது நான்தான்” என்றான்.