வீட்டில் இருப்போர்: 4

வீட்டில் மூன்று பேர்தான் இருந்தார்கள். திரை நான்கு என்றது.

சதீஸ்குமார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். நான்குதான். வீட்டுக்குள் எத்தனை பேர் என்று சுவரில் மாட்டிய சென்சாரைக் கொண்டு எண்ணும் புரோகிராம் அது. தனியாக வாழும் முதியவர்களுக்காக அவன் கம்பெனி செய்துகொண்டிருந்தது. மனைவி பூஜாவுக்கு ஜவ்வாது மலைப் பள்ளியில் வேலை கிடைத்ததால் போன மாதம்தான் இந்த வாடகை வீட்டுக்கு வந்தார்கள். சோதிக்க வேறு இடமில்லாமல் இங்கேயே சென்சாரை மாட்டியிருந்தான்.

மாலை நாலரைதான். ஆனால் மூடுபனி ஜன்னல் கம்பிவரை வந்து, வீட்டுக்காரர் பரணில் போட்டு வைத்த சாமை மூட்டைகளின் ஈர வாசனையோடு கலந்து கூடமெங்கும் அடைத்து நிற்க, உள்ளறையில் தூளிக் கயிறு உத்தரத்தில் உரசும் சத்தமும் குழந்தையின் சிணுங்கலும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன.

"இன்னாங்க, அத வுட்டுட்டு இங்க வர்றீங்களா? பாப்பா தூங்கவே மாட்டேங்குறா. எதையோ பாத்துப் பாத்து அழுவுறா."

"ரெண்டே நிமிஷம் பூஜா. இதோ வர்றேன்."

இரண்டு நிமிடமாவது, மண்ணாவது! ஒரு பிழை கண்ணில் பட்டால் சோறு இறங்காத ஆள் அவன். பிழை தேட உதவும் டீபக்கரில் புரோகிராமைப் பாதியில் நிறுத்தினான். 'ஆட்கள்' என்ற வேரியபிள், வீட்டுக்குள் வந்த வரிசையில் எல்லோரையும் பட்டியலாக வைத்திருக்கும். எண்ணிக்கை மட்டும் தெரிந்தது, யார் யார் என்ற விவரம் விரியவில்லை. வேண்டாத ஆள் கடைசியில்தான் ஒட்டியிருக்கும் என்று, கடைசி ஆளை எடுத்துக் காட்டும் ஃபங்ஷனை, விடையை உடனுக்குடன் காட்டும் வாட்ச் ஜன்னலில் போட்டான்.

உயரம் 2.2 அடி. பாப்பா.

அப்படியென்றால் கடைசியில் இல்லை. F10-ஐத் தட்டி அடுத்த வரிக்கு நகர்ந்தான்.

5.1 அடி. பூஜா.

சிணுங்கல் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. இப்போது கயிற்றுச் சத்தமும் இல்லை.

ஆட்கள்: 2.

அப்போதுதான் உறைத்தது. அந்த ஃபங்ஷன் ஆளைக் காட்டுவதோடு விடாது. பட்டியலிலிருந்து நீக்கியும் விடும். வாட்ச் ஜன்னலில் போட்டால் ஒவ்வொரு தட்டுக்கும் தானாக மறுபடி ஓடும். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளை இதே தப்புக்காக எத்தனை முறை கேலி செய்திருக்கிறான்!

"பூஜா!"

உள்ளே ஓடினான். தூளித்துணியில் குழந்தையின் சூடு. தரையில் பூஜாவின் வளையல்கள், கழற்றியது போலல்ல, கை இருந்த இடத்தில் அப்படியே. பின்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

"பூஜா, பாப்பா எங்க? பூஜா!"

தூளியை உதறிப் பார்த்தான்.

மேசைக்குத் திரும்பி ஓடிவந்தான். திரும்பச் சேர்த்துவிடலாம். இருவரையும் சேர்த்துவிடலாம். விசைப்பலகையில் கை வைக்கப் போனவன் சட்டென்று நின்றான். எதைத் தட்டினாலும் அந்த ஃபங்ஷன் மறுபடி ஓடிவிடும். மிச்சமிருந்த இரண்டு பேரில் கடைசி ஆள் அவன்தான். மற்றது, அவர்கள் குடிவருவதற்கு முன்பே இந்த வீட்டில் இருந்தது.

தொடக்கூடாது. எதையும் தொடக்கூடாது.

கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டான். மூச்சை அடக்கினான்.

இன்னொரு மூச்சு அடங்கவில்லை.

F10 லேசாக அசைந்தது. பிறகு மெல்லக் கீழே அழுந்தியது.

திரையில் அவன் உயரம் வந்தது. விசை மேலே எழவில்லை. அழுத்திய விரல் இன்னும் அதன்மேல் இருந்தது.