செந்தாமரை அக்காவின் கண்

"இந்தச் சொட்டு மருந்தைக் கொடுத்தது யாரு... நீங்களா?"

மழை சொட்டும் குடையை மடக்காமலே அந்த மன்னார்குடி மருந்துக்கடைக்குள் நுழைந்தாள் சான்ட்ரா. ஊருக்குப் புதிதாக வந்த கண் டாக்டர். கோபத்தில் அவள் விழிகள் இன்னும் பெரிதாகத் தெரிந்தன... கடைக்காரன் சேரன் அவள் நீட்டிய புட்டியை எட்டிப் பார்த்தான்.

"செந்தாமரை அக்காவுக்குத்தானே? நடவுல நின்னப்ப கண்ணு செவந்துடுச்சுன்னாங்க. போன வருஷம் ஹெர்பிஸ் கிருமின்னு பழைய டாக்டரே எழுதினதுதாங்க இது..."

"போன வருஷம் கருவிழியோட உள்ளடுக்குல வந்துது. அதுக்கு வீக்கம் வத்த இந்த ஸ்டீராய்டு சொட்டு வேணும். இப்ப வந்திருக்கிறது மேலடுக்குல, மரக்கிளை மாதிரி புண்ணு. அதுல இதை விட்டா கிருமிக்குத் தீனி போட்ட மாதிரி. நோய் ஒண்ணுதான்... வகை வேற!"

"பார்வை... போயிடுமா?"

"போகாம பாத்துக்கணும். இனி சீட்டு இல்லாம யாருக்கும் குடுக்காதீங்க."

கடையில் நின்றவர்கள் எல்லோரும் சேரனையே பார்த்தார்கள். அவன் முகம் கறுத்தது.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, செந்தாமரையை வண்டியில் உட்கார வைத்து சான்ட்ராவின் கிளினிக்குக்கு அழைத்து வந்தான். "என் தப்புக்கா... மன்னிச்சிடுங்க" என்று வாசலில் அவன் சொன்னது உள்ளே இருந்த சான்ட்ராவுக்குக் கேட்டது. ஒவ்வொரு முறையும் அவனே கூட்டி வந்தான்.

ஒருநாள் செந்தாமரையிடம் கேட்டுக்கொண்டு, கருவி வழியே அவனையும் பார்க்கச் சொன்னாள். நீல வெளிச்சத்தில், சாயம் விட்ட விழிமேல் பச்சையாய் ஒரு பொடிக் கிளை...

"சொல்லுங்க, எந்த வகை?"

"மேலடுக்கு, டாக்டர்."

"பாஸ்!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். சட்டென்று அவன் விறைத்துக்கொண்டான். எல்லார் முன்னாலும் பட்ட அவமானம் அவனுக்கு. நான் சொன்னது சரிதானே என்ற வீம்பு அவளுக்கு. 'சாரி' என்ற சொல் அவள் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போனது...

கிளை மெல்ல மறைந்தது. கடைசிப் பரிசோதனையில் செந்தாமரை வாய் நிறையச் சிரித்தாள். "டாக்டரம்மா மொகம் தெளிவாத் தெரியுது. நம்ம தம்பி திருதிருன்னு முழிக்கிறதும் தெரியுது!"

சேரன் அவசரமாக வெளியேறினான். மழை தூறத் தொடங்கியிருந்தது. சான்ட்ரா வாசல்வரை ஓடி வந்தாள்.

"சேரன்... அன்னைக்கு நான் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். சாரி."

"தப்பு என்னுதுதாங்க." தயங்கினான். "ஆனா அக்காவுக்குக் குணமாயிடுச்சே... இனிமே எதைச் சொல்லிக்கிட்டு இங்க வர்றது?"

அவள் இமைகள் தாழ்ந்தன. "என்னைப் பாக்க வர்றேன்னு சொல்லிக்கிட்டு வாங்களேன்..."

"உண்மையச் சொன்னா... பாதி நாள் அதுக்குத்தாங்க வந்தேன்."

"அக்கா கண்ணு போன வாரமே சரியாயிடுச்சு," என்றாள் சான்ட்ரா, மழையைப் பார்த்தபடி. "இன்னைக்கு வரச் சொன்னதே... நானும் அதுக்காகத்தான்."