துவைத்த பாஸ்போர்ட்

வாஷிங் மெஷினைத் திறந்த அம்மா, "ஐயோ!" என்று அலறினாள்.

பாலு மாமாவின் பேன்ட் பையிலிருந்து சிவப்பு அட்டை ஒன்று வந்தது. உள்ளே காகிதமெல்லாம் கூழாகியிருந்தது. அது மாமாவின் மலேசியப் பாஸ்போர்ட்!

அம்மாவின் அண்ணனான பாலு மாமா, வேலைக்காகக் கோலாலம்பூர் போய் அந்த நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டவர். பல வருடம் கழித்து இப்போதுதான் மயிலாப்பூருக்கு வந்திருந்தார். நாளை மாலை விமானம். மறுநாள் அவர் மகளுக்குப் பட்டமளிப்பு விழா.

"பையைப் பாக்காமப் போட்டுட்டேனே அண்ணா!" அம்மா அழுதாள்.

"பைக்குள்ள வெச்சது நான்தானே? அழாதே," என்றார் மாமா.

மலேசியத் துணைத் தூதரகத்துக்குப் போன் செய்தார். பதிவுசெய்த குரல் ஒன்று நீளமாகப் பேசியது. பதற்றத்தில் பாதியிலேயே வைத்துவிட்டார். மறுபடியும் அப்படியே.

"குடு மாமா, நான் கேக்கறேன்." ஐந்தாம் வகுப்பு முடித்த நீரஜா, நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தாள். கடைசிவரை பொறுமையாகக் கேட்டு, சொன்ன எண்ணை அழுத்தினாள். ஒரு பெண் பேசினார்.

"வணக்கம் ஆன்ட்டி. எங்க மாமாவோட பாஸ்போர்ட்டைத் துவைச்சுட்டோம்."

மறுமுனையில் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, காயவெச்சு எடுத்துட்டு வாங்க. ரெண்டு போட்டோவும் வேணும்."

மாமாவோடு நீரஜாவும் கிளம்பினாள். கவுன்டரில் இருந்த தேவானை என்ற அலுவலருக்கு அதே குரல்.

"நம்பரே தெரியலையே சார். நகல் ஏதாவது இருக்கா?"

மாமா கையைப் பிசைந்தார். "கோலாலம்பூர்ல பீரோவுக்குள்ள இருக்கு."

"டிக்கெட் வாங்கறப்ப பாஸ்போர்ட் நம்பர் கேட்டிருப்பாங்களே மாமா?" என்றாள் நீரஜா.

மாமா போனைத் துழாவினார். பழைய மின்னஞ்சல் ஒன்றில் அந்த எண் இருந்தது!

"மூணு மணிக்கு வாங்க. அவசரப் பயணச் சான்று தரோம். அதை வெச்சு ஊருக்குப் போயிடலாம்," என்றார் தேவானை.

இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

"வந்து எட்டு நாளாச்சு. தி.நகர் கடையைத் தவிர எங்கேயும் போகலையே மாமா. நீ படிச்ச ஸ்கூல் எங்கே?"

மாமா சட்டென்று எழுந்தார். ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

மந்தைவெளியில் இறங்கியதும் திகைத்து நின்றார். "இவ்வளவு சின்னத் தெருவா இது! அப்போ ஓடினா முடியவே முடியாதே!"

பள்ளிக்கூடம் மூன்று மாடியாக உயர்ந்திருந்தது. விளையாட்டுத் திடலில் பாதி இல்லை. ஆனால் மதிலோரம் நாட்டு வாதாம் மரம் அப்படியே நின்றது. காவலாளி கதவைத் திறந்துவிட்டார்.

இஸ்திரி போட்ட பேன்ட்டோடு மாமா மண்ணில் உட்கார்ந்தார். கீழே விழுந்திருந்த பழங்களைப் பொறுக்கித் தின்றார்கள். கொட்டையைக் கல்லால் உடைத்து, பருப்பை அவளுக்குக் கொடுத்தார்.

"மணி அடிக்கறதுக்குள்ள நானும் கிச்சாவும் பத்துக் கொட்டை உடைப்போம்."

"கிச்சா யாரு மாமா?"

"என் பக்கத்துல உக்காந்திருந்தவன். இப்போ எங்கே இருக்கானோ..."

நீரஜா இன்னொரு பழத்தைத் தேடி எடுத்து அவர் கையில் வைத்தாள்.

மூன்று மணிக்குத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போடக் கை நீட்டினார் மாமா. விரலெல்லாம் சிவப்பு.

"பேனா கசிஞ்சிடுச்சா சார்?"

"இல்ல ஆன்ட்டி, வாதாம்பழம்!" நீரஜா தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள்.

தேவானையின் கண்கள் விரிந்தன. "அடேயப்பா! இதைச் சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு!"

சான்றில் முத்திரை பதியும் முன்பே, பழத்தில் அவர் பல் பதிந்தது.